நாகலூர் சாலைத் தோட்டத்தில் நான்கு ரக பார்ஸ்னிப்: இரண்டு பருவ ஆய்வு

2023 ஆகஸ்டில் 160 பார்ஸ்னிப் விதை போட்டோம். டிசம்பரில் பிடுங்கியது 11 கிழங்கு. அதில் எட்டு, கிளாடியேட்டர் என்ற ஒரே ரகம். "ஏற்காட்டுக்கு இதுதான் மாப்ளை, மத்ததை எல்லாம் மறந்துடு" என்று மாமா தீர்ப்பு எழுதிவிட்டார். நானும் ஏறக்குறைய கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தீர்ப்பு எங்கே சறுக்கியது, அடுத்த பருவத்தில் என்ன மாற்றினோம், கடைசியில் எந்த ரகம் எதற்கு ஆகும் என்று தெரிந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த வேண்டாத வேலை எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். மாமாவின் மகள் இங்கிலாந்தில் செவிலியர். அவள் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஏற்காடு வந்தால் "தாத்தா, பார்ஸ்னிப் இல்லையா?" என்று கேட்பார்கள். அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் கேட்டால் கேரட்டைக் காட்டுவார்கள், முள்ளங்கியைக் காட்டுவார்கள். பேரன் கேட்டு ஒரு பொருள் இல்லை என்று சொல்வது மாமாவுக்கு ஆகாது. விளைவித்தே தீருவது என்று இறங்கினார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியது. குனிந்து நிமிர்கிற வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது.

பார்ஸ்னிப் கேரட்டின் உறவு. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் அதே குடும்பம்தான். கிழங்கு தந்த நிறத்தில் இருக்கும், தோள் அகலமாக, நுனி கூராக இறங்கும். தோட்டத்தில் எங்களுக்குக் கைகொடுக்கும் அக்கா முதல் கிழங்கைப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, கேரட்டுக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அதைவிட நல்ல வர்ணனை எனக்கு அகப்படவில்லை.

இடம்

தோட்டம் எட்டு சென்ட். மூன்று பக்கமும் காபி, அதற்கு மேலே சில்வர் ஓக், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபி, இருநூறு ஆண்டாக இந்த மண்ணைத் தன் விருப்பத்துக்குப் பழக்கி வைத்திருக்கிறது. இலைச்சருகு மட்கிய, புளிப்பேறிய செம்மண். மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.4 வந்தது. காபிக்கு அது சரி. பார்ஸ்னிப்புக்கு 6 முதல் 7 வரை வேண்டும். மேலே ஒரு சாண் மண் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே சரளை. கிழங்குப் பயிருக்கு இது நல்ல செய்தி இல்லை.

தட்பவெப்பத்தில் ஒரு சிக்கல், ஒரு சௌகரியம். ஏற்காட்டில் கோடையிலும் 30 டிகிரியைத் தொடுவது அரிது, அது சௌகரியம். ஆனால் மார்கழி, தை மாத இரவுகூட 12, 13 டிகிரியோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் பார்ஸ்னிப்புக்கு இனிப்பு ஏற்றுவது உறைபனி. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். உறைபனிக்கு நாம் எங்கே போவது? இதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் பருவம்

ரகங்களை மாமா தேர்ந்தெடுத்த விதம், பெண் பார்க்கப் போனது மாதிரி. ஒரு வாரம் பெயர்களாகவே பேசினார். ஹாலோ கிரவுன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தோட்டங்களில் இருக்கும் பழைய ரகம், நீளமாக இறங்கும். டெண்டர் அண்ட் ட்ரூ, இதுவும் பழசு. கண்காட்சிக்கு நீளக் கிழங்கு வளர்ப்பவர்கள் விரும்புவது. ஒயிட் ஜெம், குட்டையாகவும் தடிப்பாகவும் ஆப்பு வடிவில் வருவது. கிளாடியேட்டர், வீரிய ஒட்டு ரகம். நான்கையும் ஆன்லைனில் ஒரு கடையில் ஏப்ரலில் வாங்கினார். மலைக்குக் கூரியர் ஒழுங்காக வராது என்று என் சேலம் முகவரியைக் கொடுத்திருந்தார்.

சின்ன ஜிப் பைகளில் வந்தது. பையின் மேல் ரகத்தின் பெயர் இருந்தது, பூவும் காயும் போட்ட பொதுவான படம் ஒன்று இருந்தது. எப்போது சோதித்தது, முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை செல்லும், ஒன்றும் இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. பையை அப்படியே ஹால் அலமாரியில் போட்டேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. சேலத்துக் கத்திரி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் அலமாரி எப்படி வெந்திருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் ரகத்துக்கு நாற்பது விதை, நேரடி விதைப்பு. விதை தட்டையாக, காய்ந்த இலைத்துண்டு போல இருக்கும். மூச்சு விட்டால் பறக்கிறது. இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் அங்கங்கே முளை. ஒரு மாதத்தில் கணக்கெடுத்தபோது கிளாடியேட்டர் 14, டெண்டர் அண்ட் ட்ரூ 5, ஒயிட் ஜெம் 3, ஹாலோ கிரவுன் 2. செப்டம்பரில் ஒரு காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து பாத்தியின் ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போனது. மிஞ்சியதுதான் அந்தப் பதினொன்று. பாதிக்கு மேல் கவட்டை விட்டிருந்தது. ஒன்றுக்கு மூன்று கால்.

மாமாவின் தீர்ப்பு இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. எனக்கு உறுத்தியது ஒன்று. விதைத்த மறுநாளே பெருமழை பெய்து மேல்மண் ஆடை கட்டியிருந்தது. முளை வராததற்குக் காரணம் ரகமா, மண்ணா, விதையா? ரகத்துக்கு இருபது விதை மிச்சம் இருந்தது. ஈரமான டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, டப்பாவில் மூடி, இருட்டறையில் வைத்து நாலு வாரம் பார்த்தேன். கிளாடியேட்டர் 7 முளைத்தது. டெண்டர் அண்ட் ட்ரூ 2, ஒயிட் ஜெம் 2, ஹாலோ கிரவுன் 1. அதாவது பாத்தியில் என்ன விகிதமோ, கிட்டத்தட்ட அதே விகிதம் காகிதத்திலும். மழை மேல் பழி போட முடியாது. விதை வரும்போதே செத்திருந்தது. அல்லது என் அலமாரியில் செத்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் குறைவு. தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். இது ஒரு வருடம் தாண்டினாலே சரசரவென்று இறங்கிவிடும். தோட்டக்காரர்கள் வருடா வருடம் புது விதை வாங்குவது இதனால்தான். நம்மூர் விதைச் சட்டத்தின் கீழ் வரும் சீட்டில் சோதனைத் தேதி, முளைப்புத்திறன், செல்லுபடியாகும் காலம் எல்லாம் போட வேண்டும் என்று இருக்கிறது. நெல் விதை மூட்டையில் அதைத் தேடிப் படிக்கிற நான், ஐம்பது ரூபாய்ப் பை என்றதும் விட்டுவிட்டேன். கிளாடியேட்டர் முந்தியது அதன் வீரியத்தாலா, அந்த ஒரு பை மட்டும் புதுசாக இருந்ததாலா என்பதை முதல் பருவக் கணக்கு சொல்லவே சொல்லாது. மாமா அதை வைத்துக்கொண்டு ரகங்களைத் தரம் பிரித்தது, கெட்டுப்போன தராசில் நகை நிறுத்த மாதிரி.

இரண்டாம் பருவம்

மாமா மகள், "நானே பையில் போட்டுக் கொண்டுவரேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வெளிநாட்டு விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். 2003ஆம் ஆண்டு வந்த தாவரத் தடைகாப்பு ஆணை அப்படி. நாலு கிழங்குக்கு ஆசைப்பட்டு இந்த மலைக்கு ஒரு புது நோயை வரவழைக்க வேண்டாம். முறையாக இறக்குமதி செய்து விற்பவர் ஒருவரைத் தேடி, லாட் எண்ணும் சோதனைத் தேதியும் கேட்டு வாங்கினேன். அதே நான்கு ரகம். 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. வந்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில்.

பாத்தி வேலை ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூளைத் தூவி மண்ணோடு கலந்து இரண்டு மாதம் விட்டோம். மேட்டுப்பாத்தி முழங்கால் உயரம். சரளையைச் சலித்தோம். அக்காவும் நானும் மூன்று நாள் சல்லடை பிடித்ததில் ஒரு டிராக்டர் பெட்டிக்குக் கல் சேர்ந்திருக்கும் என்று தோன்றியது. அளந்தால் பத்துக் கூடை. தொழுவுரம் இந்தப் பாத்திக்குப் போடவில்லை. போன பருவம் புது எரு போட்டதும் கவட்டைக்கு ஒரு காரணம். முந்தின பயிரான பீன்ஸுக்குப் போட்டிருந்த எருவே போதும் என்று விட்டோம்.

விதையை நேரே மண்ணில் போடாமல் காகிதத்தில் முளைகட்டினோம். ஒன்பதாம் நாள் முதல் வேர் எட்டிப்பார்த்தது, பதினேழாம் நாள் வரை வந்துகொண்டே இருந்தது. நாற்பதுக்கு கிளாடியேட்டர் 31, ஒயிட் ஜெம் 27, டெண்டர் அண்ட் ட்ரூ 25, ஹாலோ கிரவுன் 22. போன வருடம் மூன்றே முளைத்து மாமாவிடம் திட்டு வாங்கிய ஒயிட் ஜெம் இரண்டாவது இடத்தில். அவர் அந்தக் காகிதத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டு இருமுறை எண்ணினார்.

முளைகட்டியதை நடுவதில் ஒரு நுணுக்கம். வேர் அரிசி நீளத்தைத் தாண்டுவதற்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு கட்டாயம் கவட்டைதான். இதனால்தான் பார்ஸ்னிப்பை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதில்லை. சிறு குச்சியால் எடுத்து, அரை அங்குல ஆழத்தில் வைத்து, மேலே சலித்த இலைமட்கு. ஈரச் சாக்கு போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிட்டோம். வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி அரையடி. இடையில் முள்ளங்கி தூவினேன். பார்ஸ்னிப் தலைகாட்டும் முன்பே முள்ளங்கி வரிசையைக் காட்டிக்கொடுக்கும், களை எடுக்கலாம். மாதத்தில் சாம்பாருக்கும் ஆகிவிடும்.

டெண்டர் அண்ட் ட்ரூ வரிசையில் பாதிக்கு மட்டும் கடப்பாரைக் குழி போட்டோம். கடப்பாரையை இரண்டடி இறக்கி, சுற்றிச் சுற்றி ஆட்டினால் கூம்பாகக் குழி விழும். அதில் எம்-சாண்டும் இலைமட்கும் சலித்த மண்ணும் கலந்து நிரப்பி, நடுவில் விதை. கண்காட்சிக்கு வளர்ப்பவர்களின் பழைய வித்தை.

புயல்

செடிகள் எழுபது நாள் தாண்டி, கிழங்கு தடிக்கத் தொடங்கிய நேரம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. அடுத்த இரண்டு நாள் ஏற்காட்டில் கொட்டிய மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. நான் சேலத்தில், பாத்தி மேலே. மாமா போனில், "மேட்டுப்பாத்தி நிக்குது மாப்ளை, ஆனா மண்ணு வழிச்சுட்டுப் போயிருச்சு, கிழங்கோட தோள் எல்லாம் வெளியே தெரியுது" என்றார். நான் மேலே போய்ச் சேர்வதற்குள் அக்கா ஒரு பாதிக்கு மண் அணைத்துவிட்டிருந்தார்.

ரகங்களின் உண்மையான சோதனை இந்த மழைதான் என்று இப்போது நினைக்கிறேன். ஹாலோ கிரவுனில் பெயருக்கேற்றபடி கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் உண்டு. தண்ணீர் அங்கே தேங்கியது. அறுவடையில் கிடைத்த 19 கிழங்கில் ஒன்பதுக்கு தோள் கறுத்துப் புண் பிடித்திருந்தது. ஈரமும் விரிசலும் சேர்ந்தால் வரும் இந்தத் தோள் அழுகல் பார்ஸ்னிப்பின் பரம்பரை வியாதி. ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி மாறும். டெண்டர் அண்ட் ட்ரூவில் 23க்கு மூன்று, கிளாடியேட்டரில் 28க்கு இரண்டு, ஒயிட் ஜெம்மில் 25க்கு ஒன்று. இங்கிலாந்தின் வெல்ஸ்போர்ன் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வியாதிக்கென்றே உருவாக்கிய அவான்ரெசிஸ்டர் என்று ஒரு குட்டை ரகம் உண்டு. தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்தால் அதற்குத் தனி வரிசை காத்திருக்கிறது.

நீளக் கிழங்குக் கணக்கும் தெளிவாக வந்தது. டெண்டர் அண்ட் ட்ரூவில் கடப்பாரைக் குழியில் நின்ற 12இல் ஒன்பது நேராக இறங்கியிருந்தது. ஒன்று முழு ஓரடி. சாதாரணப் பாத்தியில் நின்ற 11இல் இரண்டுதான் நேர். ஒயிட் ஜெம்முக்கு அந்தச் சீராட்டு ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு சாண் இறங்கி, தடித்து, நின்றுவிட்டது. சரளை எட்டும் முன்பே அது வேலையை முடித்துக்கொண்டது. எடையில் கிளாடியேட்டர் முதல். ஒரு கிழங்கு 200 கிராம் பக்கம் வந்தது. ஆனால் ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் தாய் மாதிரி வராது. வருடா வருடம் விதைக்குக் கடையில் கை நீட்ட வேண்டும்.

என் கருத்து இது: சேர்வராயன் மலையில் இரண்டு வரிசைதான் இடம் என்றால், ஒன்று ஒயிட் ஜெம், ஒன்று கிளாடியேட்டர். கடப்பாரை பிடிக்க ஆள் இருந்தால் பத்து டெண்டர் அண்ட் ட்ரூ, அழகுக்காக. ஹாலோ கிரவுனை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்க வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. சேலம் சமவெளியில் எந்த ரகத்தையும் முயல வேண்டாம். அங்கே மண் 30 டிகிரிக்கு மேல் கொதிக்கிறபோது விதை முளைக்கவே யோசிக்கும்.

கையில் பட்ட பாடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்டோபரில் ஒரு வெயில் நாள், நெருக்கமாக இருந்த செடிகளில் சிலவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட்டேன். அரைக்கைச் சட்டை. தழை ஈரமாக இருந்தது, சாறு கையெல்லாம் பட்டது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை எரிச்சல், அதற்கடுத்த நாள் கொப்புளம், வெந்நீர் கொட்டியது போல. அக்கா பார்த்ததும், "சேராங்கொட்டையைத் தொட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். பார்ஸ்னிப் தழைச் சாற்றில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு, அதன் மேல் வெயில் விழுந்தால் இப்படிச் சுடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம், யாருக்கும் வரும். கருந்தழும்பு பொங்கல் வரை இருந்தது. அப்புறம் முழுக்கை, கையுறை, சூரியன் சாய்ந்த பிறகுதான் வேலை. பேரப்பிள்ளைகளைப் பாத்திப் பக்கமே விடவில்லை.

இனிப்பு

கிறிஸ்துமஸுக்கு நாலு கிழங்கு அவசரமாகப் பிடுங்கினோம். நூறு நாள்கூட ஆகவில்லை. பிள்ளைகள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். பொங்கலுக்கு, நூற்றுப் பதினைந்து நாள் கடந்து, பாதியை எடுத்தோம். பிடுங்கிய அன்று வேகவைத்துப் பார்த்தால் வாசனை அருமை. கொத்தமல்லியும் ஜாதிக்காயும் சேர்ந்த மாதிரி. இனிப்பு மட்டும் மட்டு.

இங்கேதான் ஃப்ரிட்ஜ் வந்தது. பறித்த கிழங்கை 0 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால், இரண்டு மாதம் உறைபனி மண்ணில் கிடந்த கிழங்கின் இனிப்பு வந்துவிடும் என்பது குளிர்பதனச் சேமிப்பில் தெரிந்த சங்கதி. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரிதான். இருந்தாலும் கிளாடியேட்டரில் பாதியைத் தழையை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு வைத்தோம். இரண்டு வாரம் கழித்து, பாத்தியில் விட்டிருந்த கிழங்கு ஒன்றையும் ஃப்ரிட்ஜ் கிழங்கு ஒன்றையும் ஒரே சட்டியில் வேகவைத்து, எது எது என்று சொல்லாமல் நாலு பேருக்குக் கொடுத்தேன். நாலு பேரும் ஃப்ரிட்ஜ் கிழங்கைக் காட்டினார்கள். அக்கா, "இதுல சக்கரவள்ளி வாசம் வருதுங்க" என்றார். நாலு பேர் சொன்னது ஆய்வாகாது, தெரியும். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பிடுங்கியதை நேரே அடுப்புக்கு யாரும் கொண்டுபோவதில்லை.

சமையலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பாரில் போட வேண்டாம், பாயசம் மாதிரி ஆகிவிடும். விரல் நீளத்துக்கு நறுக்கி, தடித்த கிழங்கில் நடுநரம்பை எடுத்துவிட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு மெதுவாக முறுகவிட்டு, வீட்டு மிளகை இடித்துத் தூவினால் போதும். அத்தை ஒருநாள் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார். மாமாவுக்கு அதுதான் பிடித்தது.

மிச்சம்

ஒரு கேள்வி பாக்கி. விதை ஆயுள்தான் இந்தப் பயிரின் குடுமி என்றால், விதையை நாமே எடுத்துவிட முடியாதா? பார்ஸ்னிப் இருபருவப் பயிர். முதல் வருடம் கிழங்கு, ஒரு நல்ல குளிரைக் கண்ட பிறகு இரண்டாம் வருடம் பூ. முதல் பருவத்தில் மறந்துபோய் விட்ட ஒரு செடி 2024 ஜூன் வரை தழையாகவே நின்றது; பூத்தண்டு வரவே இல்லை. ஏற்காட்டுக் குளிர் அதற்குக் கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது. 1840களின் கடைசியில் சைரன்செஸ்டர் வேளாண் கல்லூரியில் ஜேம்ஸ் பக்மன் என்ற பேராசிரியர், காட்டு பார்ஸ்னிப்பின் விதையைப் போட்டு, நல்ல கிழங்கை மட்டும் வருடா வருடம் பொறுக்கி விதைக்கு விட்டு, ஸ்டூடண்ட் என்ற ரகத்தையே உருவாக்கினார். 1860இல் அது விற்பனைக்கு வந்தது. அவருக்குக் குளிர் வானத்திலிருந்து வந்தது. எங்களுக்கு மின்கட்டணத்தோடு வருகிறது.

பிப்ரவரி அறுவடையில் தேர்ந்தெடுத்த, புண்ணில்லாத, நேரான ஒயிட் ஜெம் ஐந்து இப்போது எங்கள் சேலம் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஈர மணலில் புதைந்திருக்கின்றன. பத்து வாரம் வைத்து, ஏப்ரல் கடைசியில் மேலே கொண்டுபோய் நட்டுப் பார்க்கப் போகிறோம். கீரை வைக்க இடமில்லை என்று என் மனைவி தினமும் ஒருமுறை சொல்கிறாள். ஆனால் டப்பாவின் மேல் ரகத்தின் பெயரை நான் எழுதியதும், பேனாவை வாங்கி அதன் கீழே தேதி போட்டது அவள்தான்.